நாலு விரல் இடப்பக்கம்

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவரை எல்லோரும் ஜீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை தெரிந்தவர்கள் ஜீரோ சார் என்பார்கள். குறி பார்க்கும் இடமும் குண்டு போய் விழும் இடமும் ஒன்றாக இருக்கும்படி துப்பாக்கியைத் திருத்துவதற்கு அந்தத் தொழிலில் ஜீரோ பண்ணுவது என்று பேர். இருபத்தாறு வருடமாக அவர் அந்த ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிளப்பில் பந்தயத்தில் தோற்கிறவர்களும் அப்படித்தான், நேராக அவர் அறைக்கு வந்து துப்பாக்கியை மேஜைமேல் வைப்பார்கள். அவர் மறுத்துப் பேச மாட்டார். வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்குவார், ஐந்து குண்டு சுடுவார், குண்டு பட்ட இடத்தையெல்லாம் அட்டையில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுப் பார்ப்பார். கோணல் இருந்தால் திருகாணியைத் திருப்புவார். இல்லாவிட்டால் "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். ஒரு நாளில் அவர் பேசுகிற பேச்சில் பாதி அந்த மூன்று சொற்கள்தான்.

மீதிப் பேச்சை எல்லாம் வீட்டில் அவர் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அடுப்படியில் விழுந்தாள். மூளையின் அடிப்பக்கத்து ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாக டாக்டர் சொன்னார். உயிர் பிழைத்தது, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, வாயும் போயிற்று. அறிவு மட்டும் முழுசாக உள்ளே இருந்தது. ஒரு தடவை கண்ணை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. அதைக் கண்டுபிடித்தவுடன் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் அது உதவும். கேட்காததை எப்படிச் சொல்வது? அவர் கேட்டது நாலே கேள்வி. தண்ணி வேணுமா, வலிக்குதா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, ஃபேன் போடட்டுமா. இரண்டு வருடமாக அதே நாலு.

பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பார். உடம்பு துடைப்பார், பவுடர் போடுவார், நகம் வெட்டுவார், கஞ்சியை வடிகட்டிக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பார். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார். துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்பக் கோத்து அலமாரியில் நிறுத்துகிற அதே வரிசை, அதே கவனம், அதே மௌனம். டாக்டர் ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளங்காலில் ஊசியால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார். பக்கத்தில் நிற்கிற மனுஷனை யாரும் குத்திப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயும் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் விழுந்த அன்று அவர் அழவில்லை. அதற்கப்புறம் எந்த நாளும் அழவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

மனைவியின் அக்கா ஊரின் இன்னொரு கோடியில் இருந்தாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். புருஷன் இல்லை, வீட்டோடு தையல் மிஷின் போட்டுப் பிழைப்பு. வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கையைப் பார்க்க வருவாள். கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் என்பதால் அவர் அன்றைக்கு வீட்டில் இருக்க மாட்டார். முதல் மாதத்திலேயே அக்கா போனில் கேட்டாள்.

"தம்பி, இவள என்கிட்ட விடுங்க. கீழ் வீடு, படி ஏற வேண்டாம். நான் நாள் பூரா வீட்லதான இருக்கேன்."

"வேண்டாங்கா. என் பொண்டாட்டிய நான் பாத்துக்குவேன்."

"பாத்துக்க மாட்டீங்கன்னு யாரு சொன்னா? இடிச்ச புளி மாதிரி பக்கத்துல உக்காந்திருப்பீங்க. அவளுக்குப் பேச்சுத் துணை வேணாமா?"

அவர் போனை வைத்துவிட்டார். அக்கா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பிடிவாதம்தான்: அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவும் போனால் அவர் யார், காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா ஒரு நாள் சொன்னாள். கழுத்து முன்னைவிட நன்றாகத் திரும்புகிறது, தலையில் ஒரு லேசர் விளக்கை மாட்டிவிட்டால் எதிரே இருக்கும் பலகையில் வேண்டியதைத் தானே காட்டலாம், வெளிநாட்டில் அப்படி விற்கிறார்கள், விலைதான் கொஞ்சம் கூட. விலையை அவர் கேட்கவே இல்லை. துப்பாக்கி மேல் மாட்டுகிற லேசர் குறியை டார்ச் உடம்பில் அவரே எத்தனையோ செய்திருக்கிறார். துப்பாக்கிக்குப் பதில் தலை, அவ்வளவுதானே என்று நினைத்தார். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. ஆனால் அது பின்னால் தெரிந்த கதை.

விரல் நீள அலுமினிய டார்ச் ஒன்றை எடுத்தார். முன் மூடியைக் கழற்றி பல்பையும் அதன் பின்னால் இருந்த கிண்ணத்தையும் வெளியே எடுத்தார். சாவிக்கொத்தில் தொங்கவிடுகிற பொம்மை லேசர் ஒன்றைப் பிரித்து, அதன் சின்னப் பித்தளைக் குழாயை டார்ச்சுக்குள் இறக்கினார். பின்பக்கம் ரப்பர் வளையம், முன்பக்கம் மூன்று திசையிலிருந்து மூன்று பொடித் திருகாணி. ஒன்றைத் திருகினால் புள்ளி மேலே போகும், மற்ற இரண்டைத் திருகினால் இடமோ வலமோ நகரும். முதலில் செய்தது பேட்டரியோடு கனத்து அவள் நெற்றியில் சரிந்தது. டார்ச்சைப் பாதியாக அறுத்தார். பேட்டரியைத் தனியாக ஒரு டப்பியில் போட்டு ஒயரை நீட்டித் தலையணை ஓரத்தில் குத்தி வைத்தார். முன்பாதியைப் பிளாஸ்டிக் தலைப்பட்டையில் கட்டினார். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் கண்ணுக்கு ஆகாது என்று அலமாரிக் கண்ணாடி முழுவதும் செய்தித்தாளை ஒட்டினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வேலை முடிந்ததும் அதை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வேலை சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

பலகை, கிளப்பில் மிஞ்சிய குறி அட்டைகளின் பின்பக்கம். நடுவில் தண்ணீர், கஞ்சி, ஃபேன், டிவி, வலி, புரட்டு, அரிப்பு என்று எழுதினார். ஓரத்தில் ஆட்களுக்கு ஒரு வரிசை. அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினார். அதற்கு இடப்பக்கம், நாலு விரல் தள்ளி, ஒரு பழைய படத்திலிருந்து வெட்டிய அக்காவின் முகம். பகலில் பார்த்துக்கொள்ள வருகிற அம்மா, தன் படமும் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

முதல் நாள் சாயங்காலம் தலைப்பட்டையை மாட்டி, கிளப் வழக்கப்படி சோதனை வைத்தார்.

"தண்ணி காட்டு."

சிவப்புப் புள்ளி சுவரில் தடுமாறி, இறங்கி, தண்ணீர் மேல் நின்றது.

"ஃபேன். வலி. புரட்டு."

எல்லாம் சரி. நடுப்பக்கம் முடிந்தது, ஓரம்தான் பாக்கி. ஓரத்தையும் சோதித்துவிடலாமே என்று, வாயில் வந்த கேள்வியைக் கேட்டார்.

"யார்கிட்ட இருக்கணும் உனக்கு?"

புள்ளி நகர்ந்தது. அவர் முகத்தைத் தாண்டியது. அக்கா முகத்தில் போய் நின்றது.

நாலு விரல் இடப்பக்கம், என்று அவர் மனதில் குறித்துக்கொண்டார். அட்டையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். நடுவில் சரியாக இருந்து ஓரத்துக்குப் போகப் போகப் புள்ளி தள்ளிப்போவது தொழிலில் சகஜம்தான். பட்டை சற்று கோணலாக உட்கார்ந்திருக்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் கேட்டார். மறுபடி அக்கா. மறுபடி கால் சுற்று. மூன்றாம் நாள் அரைச் சுற்று. நாலாம் நாள் புள்ளி போய் நிற்க நேரம் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது, ஆனாலும் போய் நின்றது. ஐந்தாம் நாள் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டதோ என்று புதிதாக மாற்றினார். ஆறாம் நாள் அவள் முதலில் 'வலி'யைக் காட்டினாள். எங்கே என்று கேட்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டார். கழுத்தைத் தொட்டதும் கண்ணை மூடினாள். தைலம் தேய்த்துவிட்டு, கேள்வியைக் கேட்டுவிட்டு, மறுபடியும் திருகாணியில் கை வைத்தார். இத்தனை படித்த கை, இப்படியும் ஒரு மடத்தனம் செய்யும்.

ஏழாம் நாள் காலையில் பகல்நேர அம்மா வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், தெனமும் சாயங்காலம் அத என்ன செய்றீங்க?"

"ஜீரோ பண்றேன். புள்ளி கொஞ்சம் தள்ளிப் போகுது."

"எங்க தள்ளிப் போகுது? எனக்கெல்லாம் சரியாத்தான் காட்டுறாங்க. சீரியல் வேணும்னா டிவி, போரடிச்சா என் படம். நீங்க ராவோட ராவா திருகி வெச்சிட்டுப் போறீங்க, அவங்க காலையில கழுத்த அதுக்குத் தகுந்த மாதிரி வளைச்சிட்டுக் கஷ்டப்படுறாங்க."

"நேரா வெச்சாத்தான் குறி சரியா விழும்."

"எந்தக் குறி? துப்பாக்கின்னா குண்டு ஒரு பக்கம் போகும், திருகி சரி பண்ணலாம். இதுல குண்டு எங்க சார் இருக்கு? புள்ளி எங்க நிக்குதோ அதான் அவங்க சொல்றது. அவங்க கண்ணுக்கும் தெரியுதில்ல, தப்பா நின்னா அவங்களே நகத்திக்க மாட்டாங்களா?"

அவர் பட்டையையும் பலகையில் படங்கள் இருந்த துண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதை வைஸில் இறுக்கி, பத்து மீட்டர் தள்ளி இருந்த அட்டையில் புள்ளியை விட்டு, விழுந்த இடத்தைப் பென்சிலால் சுற்றினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். புள்ளி ஒரு நூல்கூட நகரவில்லை. அப்புறம் வீட்டிலிருந்து கொண்டு வந்த பலகைத் துண்டைப் பிரித்தார். அக்காவின் முகத்தில் ஆறு பெருக்கல் குறிகள். ஆறையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். அவர் தினம் தினம் திருகாணியை மாற்றி வைத்தும், ஆறும் அதே இடம். கிளப்பில் யாராவது இப்படிச் சுட்டிருந்தால் எழுந்து போய்க் கைகொடுத்திருப்பார். தெரியாமல் போய் விழுகிற குறி சிதறும். தெரிந்து வைக்கிற குறிதான் இப்படி ஒரே இடத்தில் போய்ச் சேரும். அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துக்கமாக இருக்கிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. தன் கன்னம்தான் என்று கைக்குத் தெரிந்தது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து திருகாணிகளை முதல் நாள் இருந்த நிலைக்குக் கொண்டுவந்தார். இரண்டு படங்களையும் பலகையிலிருந்து எடுத்தார். தன் படத்தை ஜன்னல் பக்கச் சுவரிலும் அக்கா படத்தைக் கதவுப் பக்கச் சுவரிலும் ஒட்டினார். நடுவில் ஒரு கட்டிலே போடலாம். பட்டையை மாட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியா ஒரு தடவை. யார்கிட்ட இருக்கணும்?"

அவள் அவசரப்படவில்லை. புள்ளி முதலில் ஜன்னல் பக்கம் போயிற்று. அவர் படத்தின் மேல் நின்றது. சட்டைக் காலரில் கொஞ்சம், நெற்றியில் கொஞ்சம். அவர் மூச்சு விடவில்லை. பிறகு புள்ளி அங்கிருந்து கிளம்பி, நடுவில் எங்கும் நிற்காமல், கதவுப் பக்கம் போய் அக்கா முகத்தில் உட்கார்ந்தது.

"என் மேல கோவமா?"

இரண்டு தடவை கண்ணை மூடினாள்.

"நான் சரியாப் பாத்துக்கலையா? அங்க இதவிட நல்லாப் பாத்துக்குவாங்களா?"

இரண்டு தடவை மூடினாள்.

வேறு என்னதான் இருக்க முடியும்? அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். அக்காவிடம் என்ன இருக்கிறது, ஒரு தையல் மிஷின், ஓயாத வாய். அந்த இடத்தில் அவருக்கு உறைத்தது.

"அக்கா பேசுவாங்க. அதுக்கா?"

ஒரே ஒரு தடவை மூடினாள். திறக்க வெகு நேரம் ஆயிற்று. திறந்தபோது ஓரத்தில் நனைந்திருந்தது.

இப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். எவ்வளவோ இருந்தது. கல்யாணமான புதிதில் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார் என்று அவள் கோபித்துக்கொண்டதைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குக் கிளப்பில் என்ன நடந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடத்துத் துரு. "சரி" என்றார். எழுந்து போய் அக்காவுக்குப் போன் பண்ணினார்.

அடுத்த புதன்கிழமை வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா முன்னறையைக் காலி செய்து, தையல் மிஷினை மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். அவர் பலகையை ஆணியடித்து மாட்டினார். எத்தனை மணிக்குப் புரட்ட வேண்டும், கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், எந்தச் சத்தம் சளி, எந்தச் சத்தம் வலி, எது புரையேறுவது என்று வரிசையாகச் சொன்னார். ஜீரோ முடிந்த துப்பாக்கிக்குத் திருகாணி நகராமல் இருக்க நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பது கிளப் வழக்கம். குப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மூன்று திருகாணிக்கும் ஒவ்வொரு சொட்டு வைத்து, ஊதிக் காயவைத்து, பட்டையை அவள் தலையில் மாட்டினார்.

"இனிமே யாரும் திருக முடியாதுக்கா."

"ஒங்களத் தவிர அத யாரு தம்பி திருகப் போறா?" என்றாள் அக்கா.

மனைவி பக்கம் திரும்பி "வரேன்" என்றார். புள்ளி சுவரில் எங்கேயோ நின்றிருந்தது. அவர் வெளியே வந்தார்.

வாசற்படியில் ஒரு செருப்பை மாட்டி, அடுத்ததைக் காலால் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, ஒன்னப் பாத்துக்க வந்த அம்மா போன்ல சொன்னது நெஜமாவா? நீ என்னையக் காட்டுற, காட்டுற, அந்த மனுஷன் ஸ்க்ரூவத் திருகுறாரு, திருகுறாரு! ஒரு மாசமாவாடி திருகினாரு? நல்லவேள, இன்னும் நாலு நாள் போயிருந்தா ஒன் தலையவே கழட்டி வைஸ்ல மாட்டியிருப்பாரு!"

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையிலிருந்து கரகரவென்று, விட்டு விட்டு. புரையேறிவிட்டது என்று அவர் பாய்ந்து படி ஏறினார். கதவருகில் நின்றுவிட்டார். புரை அப்படி வராது. சளி அப்படி வராது. அவளுடைய எல்லாச் சத்தமும் அவருக்கு அத்துப்படி. இது அவர் அக்காவிடம் சொன்ன வரிசையிலேயே இல்லை. அவள் தலை தலையணையில் குலுங்கியது. சுவரில் சிவப்புப் புள்ளி மேலும் கீழும் குதித்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் வீட்டிலேயே இந்தச் சத்தம் கேட்டிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஒரு மாசம் இல்ல" என்றார் கதவைப் பிடித்துக்கொண்டு. "ஆறு நாள்தான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவள் முன்னைவிடப் பலமாகச் சிரித்தாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல் மிஷின் மேல் சாய்ந்தாள். அவர் ஒற்றைக் காலில் செருப்போடு அப்படியே நின்றார். நெஞ்சுக்குள் எங்கேயோ நன்றாக வலித்தது.